செயற்கைக் கண்: வாட்ஸ்அப் வீடியோவுக்குப் பிறகு வரும் கேள்விகள்

என் பெரியப்பா விருதுநகரில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்று ஒரு நோய். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக 'ஆர்பி' என்பார்கள். அதில் நாற்பத்தைந்து வயதுக்குள் அவருக்குப் பார்வை போய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேலாக, ஜன்னல் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று சொல்லும் அளவுக்குத்தான் வெளிச்சம் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவன் நான். அதனால் செயற்கைக் கண் பற்றி எந்த வீடியோ வந்தாலும் சொந்தக்காரர்கள் எனக்குத்தான் அனுப்புகிறார்கள். "இதைப் பெரியப்பாவுக்குச் செய்ய முடியுமா?" என்று கூடவே ஒரு வரி வரும்.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. கேள்விகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவிட்டேன். நான் டாக்டர் இல்லை. பல வருஷமாக இதைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கும் வீட்டு ஆள், அவ்வளவுதான்.

33 வருஷம் கழித்து ஒருவருக்குப் பார்வை வந்ததாக ஒரு வீடியோ சுற்றுகிறதே, உண்மையா?

உண்மை. 2014 அக்டோபரில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழகக் கண் மருத்துவமனையில் எடுத்தது. அவருக்கு அப்போது வயது 66. பெரியப்பாவுக்கு இருக்கும் அதே ஆர்பி நோய். சில வாரங்களுக்கு முன்பு அறுவை சிகிச்சை செய்து கண்ணுக்குள் ஒரு கருவியைப் பொருத்தியிருந்தார்கள். வீடியோவில் நாம் பார்ப்பது அதை முதன்முதலாக இயக்கும் நேரம். அவர் முகம் மலர்வதும், பக்கத்தில் மனைவி நெகிழ்ந்து நிற்பதும் நடிப்பு இல்லை.

ஆனால் நம் ஊர் வாட்ஸ்அப்பில் அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் தலைப்பு இருக்கிறதே, "33 ஆண்டுகளுக்குப் பிறகு மனைவி முகத்தைப் பார்த்தார்" என்று, அது பொய். அவர் பார்த்தது முகத்தை அல்ல. ஒளிப் பொறிகளை.

ஒளிப் பொறி என்றால்? அப்படி என்னதான் தெரியும்?

அந்தக் கருவியின் பெயர் ஆர்கஸ் 2. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த செகண்ட் சைட் என்ற கம்பெனி செய்தது. விழித்திரையின் மேல் ஒட்டினாற்போல் ஒரு சின்னத் தகடு, அதில் 60 மின்முனைகள். பத்து வரிசை, வரிசைக்கு ஆறு. ஒவ்வொரு மின்முனையும் மின்சாரம் கொடுக்கும்போது அந்த இடத்தில் ஒரு வெளிச்சப் பொட்டு தோன்றும்.

மார்கழிக் காலையில் வாசலில் அறுபது புள்ளி வைத்துவிட்டு, இழை இழுக்காமல் உள்ளே போய்விட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளில் சில எரிகின்றன, சில அணைகின்றன. அதை வைத்து எதிரே இருப்பது கதவா, ஆளா, தூணா என்று ஊகிக்க வேண்டும். புள்ளிகளும் பெரும்பாலும் வட்டமாகத் தெரிவதில்லை. விழித்திரையில் நரம்பு இழைகள் ஓடும் திசையில் நீண்டு, பக்கத்துப் புள்ளியோடு கலந்துவிடும். தூறல் விழுந்து கலைந்த கோலம் மாதிரி. நிறம் என்று சொல்ல எதுவும் இல்லை.

பார்வைப் பரப்பும் சின்னது, ஏறக்குறைய 20 டிகிரி. கையை நேராக நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எவ்வளவு மறைக்கிறதோ அவ்வளவு. கேமரா மூக்குக் கண்ணாடியில் இருப்பதால் கண்ணை உருட்டிப் பயனில்லை. தலையை மெதுவாக இடமும் வலமும் திருப்பித் துழாவ வேண்டும்.

ஆர்கஸ் 2 சோதனையில் பதிவான மிகச் சிறந்த பார்வைக் கூர்மை 20/1260. அதாவது நல்ல கண் உள்ளவர் 1260 அடி தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வதை இவர் 20 அடிக்கு வந்தால்தான் சொல்ல முடியும். இந்தியாவில் 2017 முதல் பார்வையின்மை என்பதற்கு வைத்திருக்கும் அளவு 3/60. அடிக்கணக்கில் சொன்னால் 20/400. ஆக, ஆர்கஸ் போட்டவர்களில் முதலிடம் பிடித்தவரும் நம் கணக்கில் பார்வையற்றவர்தான்.

இதைச் சொன்னதும் சித்தி "அப்போ ஏமாத்து வேலைதானே?" என்றார். அதுவும் இல்லை. இருட்டிலேயே இருபது வருஷம் இருந்தவருக்கு வாசல் எந்தப் பக்கம் என்று தெரிவதும், எதிரே யாரோ வந்து நின்றது புலப்படுவதும், தரையில் போட்ட வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பதும் சின்ன விஷயம் இல்லை. நான் கேட்பதெல்லாம், அதை அதன் அளவில் சொல்லுங்கள் என்பதுதான்.

கண்ணே போன பிறகு கண்ணுக்குள் எப்படி வேலை செய்கிறது?

ஆர்பி நோயில் கண் முழுவதும் சாவதில்லை. கேமராவில் ஃபிலிம் இருப்பது போலக் கண்ணின் பின்சுவரில் விழித்திரை இருக்கிறது. அதில் ஒளியை வாங்கும் செல்கள் இரண்டு வகை. மங்கிய வெளிச்சத்துக்கு ஏறக்குறைய 12 கோடி, நிறத்துக்கும் கூர்மைக்கும் 60 லட்சம். ஆர்பியில் முதலில் அந்த 12 கோடியில் கைவைக்கும். அதனால்தான் மாலைக்கண்ணில் ஆரம்பிக்கிறது. பெரியப்பா பதினேழு வயதில் இரண்டாம் ஆட்டம் சினிமா விட்டு வரும்போது சாக்கடையில் விழுந்து எழுந்து வந்திருக்கிறார். வீட்டில் கீரை சாப்பிடச் சொன்னார்கள். பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போல ஆகி, கடைசியில் அந்தக் குழாயும் அடைந்துவிடும்.

ஆனால் ஒளியை வாங்கும் செல்கள் செத்தாலும், அவற்றுக்குப் பின்னால் செய்தியை மூளைக்கு எடுத்துப்போகும் செல்கள் ஓரளவு உயிரோடு இருக்கும். தபால் எழுதுகிறவர் இறந்துவிட்டார், தபால்காரர் இருக்கிறார். அந்தத் தபால்காரர் கையில் நேராக மின்சாரத்தைக் கொடுத்தால் அவர் அதை மூளையில் சேர்த்துவிடுவார். கண்ணாடியில் உள்ள கேமரா படம் பிடிக்கும். இடுப்பில் மாட்டிய சின்னப் பெட்டி அந்தப் படத்தை 60 புள்ளியாகச் சுருக்கும். கண்ணாடியிலிருந்து கம்பியில்லாமல் உள்ளே இருக்கும் கருவிக்குச் செய்தி போகும்.

சரி, பெரியப்பாவுக்குப் போட முடியுமா? பணம் நாங்கள் சேர்க்கிறோம்.

முடியாது. பணம் இருந்தாலும் முடியாது. அந்தக் கருவியை இப்போது யாரும் தயாரிப்பதில்லை.

இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்களில் இது வருவதே இல்லை. ஆர்கஸ் 2-க்கு ஐரோப்பாவில் 2011-லும், அமெரிக்காவில் 2013 பிப்ரவரியிலும் அனுமதி கிடைத்தது. கருவியின் விலை மட்டும் ஏறக்குறைய 1,50,000 டாலர். அன்றைய மதிப்பில் 80 லட்சம் ரூபாய்க்கு மேல். அறுவை சிகிச்சை, பயிற்சி எல்லாம் தனி. உலகம் முழுவதும் சுமார் 350 பேர் போட்டுக்கொண்டார்கள். அந்த எண்ணிக்கையை வைத்து ஒரு கம்பெனி எத்தனை நாள் ஓடும்? 2019-ல் செகண்ட் சைட் விழித்திரைக் கருவியை நிறுத்திவிட்டு, மூளையில் பொருத்தும் கருவிக்குத் திரும்பியது. 2020-ல் பணம் தீர்ந்து, பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. கண்ணுக்குள் கருவியோடு இருந்தவர்களில் பலருக்கு இதெல்லாம் முறையாகத் தெரிவிக்கப்படவில்லை. 2022-ல் ஐஇஇஇ ஸ்பெக்ட்ரம் என்ற பொறியியல் பத்திரிகை இதை விசாரித்து எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது. நியூயார்க்கில் ஒரு பெண் சுரங்க ரயில் நிலையத்தில் நடந்துகொண்டிருந்தபோது அவருடைய கருவி நின்றுபோனதையும் அதில் எழுதியிருந்தார்கள். வந்த வெளிச்சம் இரண்டாவது முறையாகப் போயிற்று. அது திரும்ப வரவில்லை.

இந்தக் கருவியைப் பற்றி முதன்முதலாகப் பெரியப்பாவிடம் நான் உற்சாகமாக வாசித்துக் காட்டியது 2013-ல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஸ்பேர் கிடைக்குமா?" எனக்கு அப்போது சிரிப்புதான் வந்தது. அவர் முப்பது வருஷம் வாட்ச் பார்த்தவர். ஃபாரின் வாட்ச்சைப் பெருமையாகக் கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம், உள்ளே ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் மாற்று இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவர். எச்எம்டி வாட்ச் கம்பெனியையே 2016-ல் மூடினார்கள். அதன்பிறகு பழைய வாட்ச்சைப் பிரித்துத்தான் இன்னொன்றுக்குப் பாகம் எடுக்கிறார்கள். வாட்ச்சில் அப்படிச் செய்யலாம். கண்ணுக்குள் ஆணியடித்துப் பொருத்திய தகட்டுக்கு எங்கே போவது? (ஆணி என்று சும்மா சொல்லவில்லை. தகட்டை விழித்திரையோடு பிடித்துவைக்க ஒரு குட்டி ஆணியைத்தான் பயன்படுத்தினார்கள்.)

ஆகவே எந்தப் புதிய கருவியைப் பற்றி யார் வந்து சொன்னாலும், எவ்வளவு தெரியும் என்று கேட்பதற்கு முன்னால் பெரியப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். பத்து வருஷம் கழித்துப் பழுதானால் யார் பார்ப்பார்கள்? கம்பெனி கைமாறினால் என் கண்ணில் இருப்பதற்கு யார் பொறுப்பு? கழற்ற வேண்டி வந்தால் செலவு யாருடையது?

வேறு கம்பெனியே இல்லையா?

இருந்தன. ஜெர்மனியில் ரெட்டினா இம்ப்ளான்ட் என்ற கம்பெனி, 1500 ஒளி உணரிகள் கொண்ட சில்லை (சிப்) விழித்திரைக்கு அடியில் வைத்தது. கேமராவே வேண்டாம், கண்ணுக்குள் விழும் ஒளியைச் சில்லே வாங்கிக்கொள்ளும், கண்ணை அசைத்தால் காட்சியும் அசையும். ஆர்கஸைவிட அழகான யோசனை என்று எனக்குப் பட்டது. அந்தக் கம்பெனியும் 2019-ல் மூடப்பட்டது.

இப்போது நம்பிக்கை தருவது பிரிமா. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் பலாங்கர் வடிவமைத்த சில்லு இது. 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர், 30 மைக்ரான் தடிமன், தலைமுடியைவிட மெல்லியது. அதில் 378 கட்டங்கள். நம் வீட்டு மொட்டைமாடியில் இருக்கிறதே சோலார் தகடு, அதே தத்துவம்தான். கண்ணாடியில் உள்ள கேமரா பிடித்த படத்தை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாகக் கண்ணுக்குள் வீசுகிறார்கள். ஒளி பட்ட கட்டங்கள் தாமே மின்சாரம் உண்டாக்கி, பக்கத்திலிருக்கும் செல்களைத் தட்டி எழுப்புகின்றன. உள்ளே பேட்டரி இல்லை, வயர் இல்லை.

இதன் சோதனை முடிவு 2025 அக்டோபரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 38 பேருக்குப் பொருத்தினார்கள். ஒரு வருஷம் முழுவதும் தொடர்ந்த 32 பேரில் 26 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம். கண் ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்குமே எழுத்து அட்டை, அதில் சராசரியாக 25 எழுத்துகள், அதாவது ஐந்து வரிகள், கூடுதலாகப் படித்தார்கள். 27 பேர் வீட்டிலும் இதை வைத்து எழுத்தோ எண்ணோ சொல்லோ படிப்பதாகச் சொன்னார்கள். நடுவில் ஒன்றும் தெரியாமல் இருந்தவர்கள் மறுபடி அச்செழுத்தைப் படிப்பது இதற்கு முன் எந்தச் சில்லாலும் இந்த அளவுக்கு நடந்ததில்லை.

மூன்று விஷயத்தை இதோடு சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்தச் சோதனை ஆர்பிக்கு அல்ல. வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்துபோகும் மேக்குலா சிதைவு நோய்க்கு. ஓரப் பார்வை அவர்களுக்கு ஏற்கெனவே உண்டு. சில்லு தருவது கறுப்பு வெள்ளையில், கையை நீட்டிப் பிடித்தால் மூன்று நான்கு விரல் மறைக்கும் அகலம்தான். எழுத்தைப் பல மடங்கு பெரிதாக்கி, ஒவ்வொன்றாக, மாதக்கணக்கில் பழகித்தான் படிக்கிறார்கள். அடுத்தது, 38 பேரில் 19 பேருக்கு அறுவை சிகிச்சையை ஒட்டிப் பெரிய சிக்கல்கள் வந்தன, பெரும்பாலானவை இரண்டு மாதத்துக்குள் சரியாயின. அப்புறம், இதைத் தயாரித்த பிக்சியம் விஷன் என்ற பாரிஸ் கம்பெனி 2024-ல் திவாலானது. அமெரிக்காவின் சயின்ஸ் கார்ப்பரேஷன் அதை வாங்கியதால்தான் கதை தொடர்கிறது. பெரியப்பாவின் கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

நான் இதை எழுதும்போது இந்தியாவில் கடையில் வாங்குவது போல வாங்கிப் பொருத்தக்கூடிய விழித்திரைச் சில்லு எதுவும் இல்லை.

எங்கள் அம்மாவுக்கும் "கண் நரம்பு வீக்" என்றுதான் சொன்னார்கள். அவருக்கு இது பொருந்துமா?

இந்த 'நரம்பு' என்ற சொல்லால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சம் இல்லை. நம் ஊரில் விழித்திரை கெட்டாலும் நரம்பு, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் பார்வை நரம்பு கெட்டாலும் நரம்பு. மேலே சொன்ன சில்லுகள் எல்லாம் பார்வை நரம்பு நன்றாக இருந்தால் மட்டுமே பயன்படும். கண் அழுத்த நோயால் பார்வை போனவர்களுக்கு அந்த நரம்பே பட்டுப்போயிருக்கும். தபால்காரரும் இல்லை. அவர்களுக்கு விழித்திரைச் சில்லு உதவாது.

டாக்டரிடம் போகும்போது "விழித்திரையா, பார்வை நரம்பா, கருவிழியா, எது கெட்டிருக்கிறது?" என்று கேட்டு, சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் எந்த வீடியோவைப் பார்த்தும் பிரயோஜனம் இல்லை.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர்களுக்கு?

ஆர்கஸ் 2 போட விதித்த நிபந்தனைகளில் ஒன்று, முன்பு ஒரு காலத்தில் உருவம் தெரியும் அளவுக்குப் பார்வை இருந்திருக்க வேண்டும் என்பது. காரணம் மூளை. பார்ப்பது கண்ணின் வேலை என்று நினைக்கிறோம், பாதிக்கு மேல் மூளையின் வேலை. அதுவும் சின்ன வயதில் கற்றுக்கொள்வது.

இங்கிலாந்தில் ஒருவருக்குப் பத்து மாதக் குழந்தையிலேயே பார்வை போய்விட்டது. 52 வயதில் கருவிழி மாற்று அறுவை செய்து பார்வை வந்தது. உளவியலாளர் ரிச்சர்ட் கிரிகரி அவரை ஆராய்ந்து 1963-ல் எழுதினார். கண் திறந்ததும் அவரால் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்க முடிந்தது! கண்ணாடி இல்லாத பாக்கெட் வாட்ச்சின் முள்ளைத் தடவித் தடவியே மணி பார்த்துப் பழகியவர் அவர். ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் தெரிந்தன, பார்வையற்றோர் பள்ளியில் செதுக்கிய எழுத்தைத் தொட்டுப் படித்திருந்தார். சின்ன எழுத்துகளைத் தொட்டதில்லை, அவை தெரியவில்லை. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் ஒரு கடைசல் எந்திரத்தின் முன்னால் நிறுத்தினால் ஒன்றும் விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு முழுவதும் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணைத் திறந்து, இப்போது தெரிகிறது என்றார்.

முடிவு சந்தோஷமானது இல்லை. பார்வையில்லாமல் துணிச்சலாகத் தெருவைக் கடந்தவர், பார்வை வந்த பிறகு போக்குவரத்தைப் பார்த்துப் பயந்தார். மனச்சோர்வில் விழுந்தார். இரண்டே ஆண்டுகளில், 1960-ல் இறந்துபோனார்.

குழந்தைகள் விஷயம் வேறு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹா வட இந்தியக் கிராமங்களில் பிறவிக் கண்புரையோடு இருந்த பிள்ளைகளுக்கு அறுவை ஏற்பாடு செய்து, அவர்கள் பார்க்கக் கற்பதையும் ஆராய்கிறார். தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்ததும் அவர்களால் உடனே அடையாளம் காண முடியவில்லை. சில நாட்களிலேயே அந்தத் திறமை வந்துவிட்டது. 2011-ல் இது வெளியானது. ஆகவே பிறவிக் கண்புரை இருக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு 'பெரியவனானதும் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

யாராவது கண் தானம் செய்தால் மாற்றி வைக்க முடியாதா?

கண் தானத்தில் கிடைப்பது முழுக் கண் இல்லை, கருவிழி என்ற முன்பக்கக் கண்ணாடி மட்டும். பெரியப்பாவுக்கு அந்தக் கண்ணாடி தெளிவாகத்தான் இருக்கிறது. 2023-ல் நியூயார்க்கில் ஒருவருக்கு முழுக் கண்ணையே மாற்றிப் பொருத்தினார்கள். கண் உயிரோடு இருந்தது, பார்வை வரவில்லை.

பல்லை எடுத்துக் கண்ணில் வைக்கிறார்களாமே? இதுவும் வாட்ஸ்அப் கதையா?

இது கதை இல்லை. அதுவும் நம் சென்னையிலேயே, சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். என்னைக் கேட்டால், செயற்கைப் பார்வையில் நிஜமான அதிசயம் இதுதான். யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை, பார்க்க அழகாக இருக்காது.

சிலருக்கு மருந்து ஒவ்வாமையால் ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்ற கடுமையான பாதிப்பு வந்தோ, ஆசிட், சுண்ணாம்பு பட்டோ கண்ணின் மேற்பரப்பு பொசுங்கி வறண்டுவிடும். தானமாக வந்த கருவிழியை அதில் வைத்தால் ஒட்டாது. ஆனால் உள்ளே விழித்திரையும் நரம்பும் பழுதில்லாமல் இருக்கும். அப்போது நோயாளியின் கோரைப்பல்லை வேரோடும் கொஞ்சம் எலும்போடும் எடுத்து, இழைத்து, நடுவில் துளை போட்டு, அதில் ஒரு பிளாஸ்டிக் லென்ஸ் குழாயைப் பதிக்கிறார்கள். அதைத் தோலுக்கு அடியில் சில மாதம் வைத்து ரத்த ஓட்டம் பிடிக்க விடுகிறார்கள். கண்ணின் மேல் கன்னத்தின் உட்சதையைப் போர்த்துகிறார்கள். பிறகு பல்லை எடுத்துக் கண்ணில் பதிக்கிறார்கள். சொந்தப் பல் என்பதால் உடம்பு தள்ளிவிடுவதில்லை. 1960-களில் இத்தாலியின் ஸ்டிராம்பெல்லி என்ற மருத்துவர் தொடங்கிவைத்த முறை இது.

கண் இருக்கும் இடத்தில் இளஞ்சிவப்பாகச் சதையும் நடுவில் ஒரு கறுப்புப் பொட்டும் தெரியும். அந்தப் பொட்டு வழியாக, உள்ளே எல்லாம் சரியாக இருந்தால், அச்செழுத்தைப் படிக்கும் அளவுக்குப் பார்வை வரலாம். அறுபது புள்ளி இல்லை, நிறத்தோடு முழுப் பார்வை. பரப்பு மட்டும் குறுகல்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். உலகத்திலேயே அதிகம் பேருக்குப் பார்வை தந்த செயற்கைக் கண் பாகம் நம் தாத்தா பாட்டிகளின் கண்ணில் இருக்கும் கண்புரை லென்ஸ். லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பர் 29 அன்று முதன்முதலாக அதை வைத்தார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் சிதறிய பிளாஸ்டிக் துண்டுகள் உள்ளேயே சமர்த்தாகக் கிடந்ததைப் பார்த்து வந்த யோசனை. மதுரையில் 1992-ல் ஆரோலேப் அந்த லென்ஸைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அது ஏழைக்கு எட்டும் விலைக்கு வந்தது. ஸ்பேர் கிடைக்கும் தொழில்நுட்பம் என்று இதைத்தான் சொல்வேன்.

எலான் மஸ்க் மூளையில் சிப் வைத்துப் பார்வை தரப்போகிறாராமே?

மஸ்க்கின் நியூராலிங்க் கம்பெனி செய்யும் 'பிளைண்ட்சைட்' கருவிக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 செப்டம்பரில் கொடுத்தது, விரைவாகப் பரிசீலிக்கலாம் என்ற ஒரு தகுதி மட்டும். அனுமதி வேறு, இது வேறு.

மூளையைத் தூண்டிப் பொட்டுகளைக் காட்டுவது புதிதும் இல்லை. கேம்பிரிட்ஜில் பிரிண்ட்லி என்பவர் 1968-லேயே 80 மின்முனைகளோடு ஒரு பெண்ணுக்குச் செய்து பார்த்தார். 2021-ல் ஸ்பெயினின் எல்சே நகர ஆராய்ச்சியாளர்கள், 16 வருஷமாகப் பார்வை இல்லாத 57 வயதுப் பெண்ணுக்கு 96 ஊசி முனைகள் கொண்ட சில்லை வைத்தார்கள். கோடுகளையும் சில எழுத்துகளையும் அவரால் சொல்ல முடிந்தது. ஆறு மாதத்தில் அதை எடுத்துவிட்டார்கள், திட்டமே அப்படித்தான். கண் அழுத்த நோய்க்காரர்களுக்கு ஒருநாள் வழி பிறந்தால் இந்தப் பக்கமிருந்துதான் பிறக்கும். இன்றைக்கு ஆராய்ச்சிதான்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று விளம்பரம் வருகிறதே?

பணம் வாங்கிக்கொண்டு போடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு கிளினிக்கில் மூன்று பெண்களுக்கு இப்படி இரண்டு கண்ணிலும் ஒரே நாளில் ஊசி போட்டு, இருந்த பார்வையும் போனது. 2017-ல் மருத்துவ இதழிலேயே வந்தது.

மரபணு சிகிச்சை வேறு விஷயம். லக்ஸ்டர்னா என்ற மருந்துக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணுவில் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் செல்கள் மிச்சமிருந்தால். இரண்டு கண்ணுக்கும் 8,50,000 டாலர். ஆர்பி வரக் காரணமான மரபணுக்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன. இதனால்தான் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கு மாலைக்கண் மாதிரி தெரிந்தால் மரபணுச் சோதனை செய்து வைக்கச் சொல்கிறேன். பெரியப்பாவின் அம்மா, தாய்மாமனைக் கட்டியவர். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் குடும்பங்களில் இந்த வகை நோய் கூடுதலாக வர வாய்ப்பு உண்டு. கல்யாண வீட்டில் இதைச் சொல்லி நான் வாங்கிய திட்டு இருக்கிறதே, அதை எழுதினால் தனிப் பக்கம் வேண்டும்.

அப்போ இன்றைக்கு என்னதான் உதவும்?

கைபேசி. ஆண்ட்ராய்டில் டாக்பேக்கைத் தமிழ்க் குரலில் வைத்துக்கொடுத்தால் திரையில் இருப்பதை வாசிக்கும். கம்ப்யூட்டரில் அதே வேலையைச் செய்யும் என்விடிஏ மென்பொருள் இலவசம். டென்மார்க்கில் 2015-ல் தொடங்கிய பீ மை ஐஸ் செயலியில் கேமராவைக் காட்டினால், பார்வையுள்ள ஒரு தன்னார்வலர் என்ன இருக்கிறது என்று சொல்வார். தமிழ் அச்சைப் படம் பிடித்து வாசிக்கும் வசதியும் வந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகையில் போட்டிருக்கும் வளைந்து நெளிந்த எழுத்தில் மட்டும் அது திக்கும்.

வெள்ளைக் கோலை மறக்க வேண்டாம். சாதாரணக் கோல் தரையில் இருப்பதைத்தான் சொல்லும். ஐஐடி டெல்லி உருவாக்கிய ஸ்மார்ட்கேன், முழங்காலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் லாரிப் பலகை, ஜன்னல் கதவு போன்றவற்றை மூன்று மீட்டருக்குள் ஒலியலையால் அறிந்து கைப்பிடியில் அதிர்ந்து காட்டும். பெரியப்பா முதல் மூன்று வருஷம் கோலைத் தொடவே மாட்டேன் என்றார். பஜாரில் நாலு பேர் பார்ப்பார்களாம். யார் தோளையாவது பிடித்துக்கொண்டுதான் போவார். கோல் வந்த பிறகுதான் டீக்கடைக்குத் தனியாகப் போக ஆரம்பித்தார்.

பெரியப்பா இப்போது என்ன செய்கிறார்?

கடை போய்விட்டது. ஆனாலும் பழைய பெண்டுலம் கடிகாரம் வைத்திருக்கும் நாலைந்து வீட்டுக்காரர்கள் இன்னும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கடிகாரம் சுவரில் நேராகத் தொங்குகிறதா என்று டிக் சத்தத்தையும் டாக் சத்தத்தையும் கேட்டே சொல்லிவிடுவார். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒரே அளவாக வரும்வரை பெட்டியை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவார்.

போன வாரம் வந்த செயற்கைக் கண் வீடியோவை அவர் பக்கத்தில் உட்கார்ந்து போட்டேன். நடுவில் யாரும் எதுவும் பேசவில்லை, வயலின் மட்டும் உருகி ஓடியது. பாதியில், "இதில் எவனோ அழுகிறானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சத்தத்தைக் குறைக்கச் சொன்னார்.